வீட்டுச் சுவரில் 'ஸ்மார்ட் பரப்பு' ஒட்டினால் வைஃபை வருமா?

கேள்வி: ரூட்டர் கூடத்தில் இருக்கிறது. நடைவழி திரும்பியதும் வரும் கடைசி அறையில் சிக்னலே இல்லை. 6ஜி-க்காக அலையைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் பரப்பு வரப்போகிறதாமே, அதைத் திருப்பத்தில் மாட்டினால் போதுமா? அதுவரை அலுமினியத் தாள் ஒட்டலாமா?

பதில்: அலுமினியத் தாளிலிருந்தே தொடங்குவோம். அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. அலை என்ன கோணத்தில் விழுகிறதோ, அதே கோணத்தில்தான் மறுபக்கம் திரும்பும். உங்கள் அறை அந்தத் திசையில் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் சுவர் அலங்காரம்.

ஸ்மார்ட் பரப்பில் நூற்றுக்கணக்கான சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு என்ற சிறு மின்னணுப் பாகம். அதன் மின்னழுத்தத்தை மாற்றினால், அந்தக் கட்டம் அலையைத் துளி தாமதித்துத் திருப்பும். தாமதங்களைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டால், எல்லாத் துண்டு அலைகளும் உங்கள் அறையில் ஒத்திசைந்து சேரும். கட்டங்களை இரட்டிப்பாக்கினால் சிக்னல் நான்கு மடங்காகும். கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா?

சிக்கல் தூரத்தில். பரப்பில் சிக்னலை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ரூட்டரிலிருந்து வரும் வழியில் ஒரு இழப்பு, அறைக்குப் போகும் வழியில் இன்னொன்று, இரண்டும் கூட்டலாக அல்ல, பெருக்கலாகச் சேரும். அதனால் நட்டநடுவில் மாட்டுவதுதான் மிக மோசம். மொத்தம் 20 மீட்டர் என்றால், 10-10 ஆக இருப்பதைவிட 2-18 ஆகப் பிரித்தால் ஏழரை மடங்குக்கும் மேல் சிக்னல் கூடும். உங்கள் வீட்டிலோ ரூட்டரும் அறையும் இரண்டுமே தெரியும் இடம் அந்தத் திருப்பம் மட்டுமே; பரப்பை விருப்பம்போல் நகர்த்த முடியாது.

அப்புறம் அளவு. அரை அலைநீளத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஒரு கட்டமே 3 செ.மீ.; 400 கட்டங்களுக்கு 60 செ.மீ. சதுரப் பலகை வேண்டும். மொபைல் சேவையின் உயர் அலைவரிசையான 28 கிகாஹெர்ட்ஸில் அதே 400 கட்டங்கள் உள்ளங்கை அளவில் அடங்கிவிடும். அந்த அலைகளை மனித உடம்பே மறைத்துவிடும் என்பதால், பரப்பின் உண்மையான தேவையும் அங்கேதான்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்று பரப்புக்கு யாராவது சொல்லிக்கொண்டே இருக்கவும் வேண்டும். வீட்டு ரூட்டர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி இதற்கென ஒரு குழுவை அமைத்ததே 2021-ல்தான்.

எனவே காத்திருக்காதீர்கள். கடைசி அறைக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்து, அங்கே ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் கருவி) வையுங்கள். கேபிள் முடியாதென்றால் மெஷ் வாங்கலாம்; அதில் கருவிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில்லாமலே சிக்னலைக் கடத்தும். அதன் இரண்டாவது கருவியைத் திருப்பத்திலேயே வையுங்கள். சிக்னல் இல்லாத அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் அதற்கே சிக்னல் கிடைக்காது.