தக்காளியைக் கடித்தது யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: கோவைப் புறநகரில், வீட்டின் பின்புறம் ஒரு சென்ட் இடத்தில் தக்காளி, வெண்டை, பீர்க்கன், கீரை பயிரிட்டுள்ளேன். தக்காளி பழுக்கும் முன்பே கடிபட்டுவிடுகிறது. மிளகாய்க் கரைசல் தெளித்தும் பயனில்லை. மயில்களும் வருகின்றன. தோட்டம் முழுவதையும் வலையால் மூடிவிடலாமா?

பதில்: வலை வாங்குவதற்கு முன், கடிபட்ட தக்காளி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதையில் இணைகோடுகளாகப் பல் தடம் இருந்தால் அணில் அல்லது எலி. தோல் முக்கோணமாகக் கிழிந்து உள்ளே குழி விழுந்திருந்தால் மைனாவோ கொண்டைக்குருவியோ கொத்தியிருக்கிறது. அணில் பகலில் மட்டுமே நடமாடும் என்பதால், இரவில் கடிபட்ட பழத்துக்கு எலியையே சந்தேகிக்க வேண்டும். வேலியோரம் புது மண் குவிந்திருந்தால் பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. மிளகாயின் காரம் அணிலுக்கும் எலிக்கும் எரியும். பறவைகளுக்கு அது எரிவதே இல்லை. கிளி மிளகாய்ப் பழத்தை நிதானமாகத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்கள் கரைசல் பலிக்காததற்குப் பறவைகள் காரணமாக இருக்கலாம். அணில்தான் என்று உறுதியானாலும், மழையிலும் பூவாளி நீரிலும் காரம் கழுவப்பட்டுவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும். இதைவிட எளிய வழி, அடிப்பகுதியில் நிறம் மாறத் தொடங்கியவுடனேயே தக்காளியைப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைப்பது. என் அனுபவத்தில் சுவை பெரிதாகக் குறைவதில்லை.

தோட்டம் முழுவதையும் மூட வேண்டாம் என்பதே என் கருத்து. தக்காளியும் வெண்டையும் தன் மகரந்தச் சேர்க்கையில் காய்க்கும் என்பதால் வலைக்குள் இருக்கலாம். பீர்க்கனில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சி வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அதற்கும் நெருக்கமான வலை போட்டால், பூ விரியும் மாலை வேளையில் நீங்களே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டியிருக்கும்.

அணில் நைலானைக் கடித்துவிடும் என்பதால் அதற்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையே நிற்கும். மீன் வலையைத் தளர்வாகத் தொங்கவிடாதீர்கள்; எலியைப் பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கி, உடல் அறுபட்டுச் சாகிறது. எந்த வலையானாலும் செடியின் மேல் படியாமல், கம்பு நட்டு விறைப்பாகக் கட்டுங்கள்.

மயிலுக்குப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டி, பாத்திகளுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு இழுத்துவிட்டால், இறங்கி நடக்க இடமின்றித் தயங்கும். பளபளக்கும் நாடாக்களுக்குச் சில நாட்களில் பழகிவிடுகிறது. கீரை விதைத்த பாத்தியை, முளை தெரியும் வரை தென்னங்கீற்றால் மூடி வையுங்கள்.

விஷம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எலிக்கு வைத்த மருந்தும், அந்த எலியைத் தின்னும் ஆந்தையையும் பூனையையும் கொன்றுவிடக்கூடும். தீயில் வாட்டிய தேங்காய்த் துண்டைக் கூண்டுப் பொறியில் மாட்டி, வளையின் அருகே மாலையில் வைத்தாலே போதும்.