அதிகாரம் இல்லாத அகாடமி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு சிவில் பொறியாளர். எங்கள் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் தேசிய பொறியியல் அகாடமிக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாராட்டு விழாவும் நடந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அகாடமி யாருக்கும் உரிமம் கொடுப்பதில்லை. பாலத்தைச் சோதிப்பதில்லை. விதி போடுவதில்லை. இருக்கிற உறுப்பினர்களே புதியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பதக்கம் கொடுத்துக்கொள்ளும் சங்கம் என்பதற்கு மேல் இதற்கு என்ன வேலை? அமைச்சகம் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. என்னைப் போன்ற ஒருவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அறிக்கை எதுவும் எழுதாமல் ஆண்டுக்கொரு விழா மட்டும் நடத்தும் அகாடமியைச் சங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மீதிப் பாதிக்கு ஓர் இருட்டு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் 5. டெஸ்மண்ட் புயலின் வெள்ளம் இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்தின் துணை மின்நிலையத்துக்குள் புகுந்தது. அறுபதாயிரம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனது. ஒரு நாளுக்கு மேல் வரவில்லை. இது மின்வாரியத்தின் பிரச்சினை என்றுதான் முதலில் தோன்றும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடும் இன்னொரு பொறியாளர் அமைப்போடும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மின்நிலையம் அதில் சிறு பகுதிதான். மின்சாரம் போனதும் நகரத்துக்கு என்னவெல்லாம் ஆனது என்பதே அறிக்கையின் விஷயம். செல்பேசிக் கோபுரங்களில் மாற்று மின்சாரம் போதாமல் அவை சீக்கிரமே அடங்கிவிட்டன. இணையமும் போனது. கடையில் அட்டை தேய்க்க முடியவில்லை. பழைய கம்பித் தொலைபேசி இணைப்புகள் உயிரோடு இருந்தன. ஆனால் பல வீடுகளில் அந்த இணைப்பில் மாட்டியிருந்தது மின்சாரம் இல்லாமல் இயங்காத கார்ட்லெஸ் தொலைபேசி. ஆக இணைப்பு இருந்தும் பேச வழியில்லை. செய்தி தெரிந்தது பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர்களுக்குத்தான்.

இப்போது யோசியுங்கள். மின் நிறுவனம் விசாரித்திருந்தால் வெள்ளத் தடுப்புச் சுவரோடு நின்றிருக்கும். தொலைத்தொடர்புத் துறை கோபுரத்தோடு நின்றிருக்கும். வங்கிகள் தங்கள் இயந்திரங்களைப் பார்த்திருக்கும். இந்த எல்லாமே ஒரே கம்பியில் தொங்குகின்றன என்று சொல்வது எந்தத் துறையின் வேலைப் பட்டியலிலும் இல்லை. அகாடமி அங்கேதான் வருகிறது. மின், கட்டுமானம், கணினி, ரசாயனம் என்று எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அதிலும் பலர் பதவி உயர்வுக் கவலையைத் தாண்டியவர்கள். பிறர் சொல்லத் தயங்குவதை அவர்களால் சொல்ல முடியும். சொல்வார்களா என்பது வேறு கேள்வி.

சொன்னதற்கு ஒரு சான்று மக்காண்டோ எண்ணெய்க் கிணறு. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் அதைத் தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அமெரிக்க உள்துறைச் செயலர் காரணம் கேட்டு அங்குள்ள தேசிய பொறியியல் அகாடமியை அணுகினார். கடலில் எண்ணெய் தோண்டுவதைக் கண்காணித்த அமைப்பு அவருடைய துறைக்குள்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2011 டிசம்பரில் அறிக்கை வந்தது. கிணற்றின் சிமென்ட் அடைப்பு நிற்கவில்லை என்று அழுத்தச் சோதனை காட்டியும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள் என்றது. கிணறு பீறிட்டால் மூடவேண்டிய தடுப்புக் கருவி, அன்றிருந்த நிலைமைக்கேற்ப வடிவமைக்கப்படவோ சோதிக்கப்படவோ இல்லை என்றது. கூடவே, அரசின் கண்காணிப்பு முறையும் அந்த ஆபத்துக்குப் போதுமானதாக இல்லை என்று எழுதியது. கேட்டவரின் துறைக்கே குட்டு.

தைரியசாலிகளைத் தேர்ந்தெடுத்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அமெரிக்க அறிவியல் அகாடமியின் 1863ஆம் ஆண்டுச் சாசனப்படி, அரசு கேட்டால் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். செலவை அரசு கொடுக்கலாம், ஊதியம் கிடையாது. 1964இல் அதே சாசனத்தின் கீழ் பொறியியல் அகாடமி உருவானது. ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. குழுவின் பெயர்களை முன்கூட்டியே வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறார்கள். வெளி நிபுணர்கள் பெயர் தெரியாமல் வரைவைப் படித்துக் குறை சொல்கிறார்கள். பணம் கொடுத்த துறை வரைவில் கை வைக்க முடியாது. என்னைக் கேட்டால், உறுப்பினர் பட்டியலைவிட இந்த நடைமுறைதான் அகாடமியின் உண்மையான சொத்து.

அறிவியல் அகாடமி இருக்கும்போது பொறியாளர்களுக்குத் தனியாக ஒன்று எதற்கு என்று நீங்கள் அடுத்து கேட்கலாம். பல நாடுகளில் தாமதமாகத்தான் வந்தது. ஸ்வீடன் 1919இலேயே தொடங்கிவிட்டது, உலகில் அதுதான் முதல். பிரிட்டனில் 1976 ஆனது. இந்தியாவிலும் ஜப்பானிலும் 1987. அறிவியலில் விடை தெரியாவிட்டால் காத்திருக்கலாம். பொறியியலில் பாதி தெரிந்த நிலையிலேயே அணையின் உயரத்தை முடிவு செய்தாக வேண்டும். செலவு, பராமரிப்பு, பழுது எல்லாமே கேள்விக்குள் வந்துவிடும். பார்வை எப்படி வேறு என்பதற்கு ஒரு வேடிக்கை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க பொறியியல் அகாடமி இருபதாம் நூற்றாண்டின் பெரிய பொறியியல் சாதனைகள் என்று 20 வேலைகளை வரிசைப்படுத்திச் சொன்னது. முதலிடம் மின்மயமாக்கலுக்கு. குழாய்த் தண்ணீர் நான்காவது. விண்வெளிப் பயணத்துக்கு 12ஆவது இடம். இதை மேடையேறி அறிவித்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங்!

குறையும் சொல்லிவிடுகிறேன். தொழில்துறைப் பெரியவர்கள் நிறைந்த இடத்தில் அறிவுரைக்கும் வியாபாரத்துக்கும் நடுவிலுள்ள கோடு மங்கும். ஜெர்மனியின் பொறியியல் அகாடமியான அகாடெக், ஆலை இயந்திரங்களை இணையத்தால் இணைக்கும் 'இண்டஸ்ட்ரீ 4.0' திட்டத்துக்காக 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளைத் தயாரித்த குழுவுக்கு எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தின் முன்னாள் தலைவரும் பாஷ் நிறுவனத்தைச் சேர்ந்தவரும் இணைத் தலைவர்கள். அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆலையை அறிந்தவர்கள்தானே ஆலையைப் பற்றிப் பேச முடியும். ஆனால் படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உறுப்பினர்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதால் ஒரே வயது, ஒரே கல்லூரி, பெரும்பாலும் ஆண்கள் என்று ஆகிவிடும் ஆபத்தும் நிஜம்.

கடைசியாக, உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஆய்வுக் குழுவில் சேர உறுப்பினராக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் கட்டாயமில்லை. பாலத்தின் அடியில் நின்று விரிசலைப் பார்த்தவரும் தேவை. இளம் பொறியாளர்களை வேறு துறைக்காரர்களோடு உட்கார வைக்க 1995 முதல் அங்கே தனிக் கூட்டமும் நடத்துகிறார்கள். உங்கள் மூத்தவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அகாடமி கடைசியாக வெளியிட்ட அறிக்கை எது, அதில் யாருக்குக் கோபம் வந்தது? அவர் பதில் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.