ராணுவப் பயிற்சிக்கு முன் ஞானப்பல்லை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 21 வயது. ராணுவத்துக்குத் தேர்வாகியிருக்கிறேன். இன்னும் 7 வாரத்தில் அடிப்படைப் பயிற்சி தொடங்குகிறது. கீழ்த்தாடையில் இடது பக்க ஞானப்பல் பாதி வெளியே வந்து சாய்ந்து நிற்கிறது. கடந்த 8 மாதத்தில் இரண்டு தடவை அந்த இடத்தில் ஈறு வீங்கி, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் போய், மாத்திரை சாப்பிட்டபின் அடங்கியது. வலது பக்கப் பல்லும் சாய்ந்துதான் இருக்கிறதாம், ஆனால் முழுக்க எலும்புக்குள் இருக்கிறது, தொல்லை எதுவும் இல்லை. மேலே இரண்டும் நேராக முளைத்துவிட்டன. "சேர்ந்த பிறகு அங்கேயே இலவசமாக எடுத்துவிடுவார்கள், இப்போது ஏன் செலவு?" என்கிறாள் பயிற்சி முடித்த தோழி. அம்மாவோ நான்கையும் ஒரேயடியாக எடுத்துவிட்டுப் போ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மாதவிடாய் ஒழுங்குக்காக ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவர் பதில்:

இருவரும் சொல்வதை விட்டுவிடுங்கள். இடது கீழ்ப் பல்லை இந்த வாரமோ அடுத்த வாரமோ எடுத்துவிடுங்கள். வலது கீழ்ப் பல்லை இப்போது தொட வேண்டாம். மேல் பற்களில் இடது பக்கத்தை மட்டும் அறுவை மருத்துவர் ஒருமுறை பார்த்து முடிவு செய்யட்டும்.

இடது பல்லில் மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்? பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி போலப் படர்ந்திருக்கும். அந்த மூடிக்கு அடியில் போகும் உணவுத்துணுக்கு வெளியே வராது, பிரஷும் அங்கே எட்டாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறு மேல்பல்லில் கடிபட்டு இன்னும் வீங்கும். மாத்திரை சாப்பிட்டால் கிருமி குறைகிறது, வலி அடங்குகிறது. ஆனால் அந்தப் பையும் சாய்ந்த பல்லும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால்தான் உங்களுக்கு இரண்டாம் முறை வந்தது. ஒரு தடவை வந்து போனதென்றால் சுத்தம் செய்துகொண்டு காத்திருக்கலாம். இரண்டு தடவை வந்தால் மூன்றாவதும் வரும் என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

அந்த மூன்றாவது தடவை எப்போது வரும்? பயிற்சிக் காலத்தைவிட அதற்குத் தோதான நேரம் கிடையாது. தூக்கம் குறைவு, மன அழுத்தம், அவசரச் சாப்பாடு, பல் துலக்க ஓரிரு நிமிடம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்களிடையே ஈறு புண்ணாகி அழுகும் நோய் பரவலாக இருந்தது. தூக்கமின்மை, அழுத்தம், புகை, துலக்காத வாய் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. உங்கள் நிலைமை அவ்வளவு மோசமாக இருக்கப்போவதில்லை, ஆனால் காரணங்கள் அதே வரிசைதான்.

தோழி சொன்னது பொய்யில்லை. பல நாடுகளில் பயிற்சி நிலையத்திலேயே பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கேயே எடுத்தும் விடுவார்கள். பல் விஷயத்தை ராணுவங்கள் ரொம்பக் கறாராகவே பார்க்கின்றன. உதாரணமாக அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொருவரின் வாயையும் 4 வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். அடுத்த 12 மாதத்துக்குள் அவசரச் சிகிச்சை தேவைப்படலாம் என்று தோன்றும் பல் இருந்தால் அது மூன்றாம் வகுப்பு. அந்த நிலையில் இருப்பவரைக் களத்துக்கு அனுப்பத் தகுதியானவராகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் இடது பல் இருக்கும் லட்சணத்துக்கு எந்த ராணுவப் பல் மருத்துவரும் அதை விட்டுவைக்க மாட்டார். அதனால் கேள்வி எடுப்பதா வேண்டாமா என்பதல்ல, எங்கே, எப்போது என்பதுதான்.

அங்கே எடுத்தால் நாள், நேரம், மருத்துவர் எதுவும் உங்கள் கையில் இருக்காது. இரண்டு மூன்று நாள் ஓய்வு, பிறகு சில நாள் இலகுவான வேலை என்று எழுதித் தருவார்கள். விட்டுப்போன நாட்கள் அதிகமானால் அடுத்த அணியோடு சேர்த்துவிடுவதும் உண்டு. ஒரு பல்லுக்காக மொத்தப் பயிற்சியையும் தள்ளிப்போட யாருக்கும் மனசு வராது, அதனால் பலர் வலியை மறைக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். பணம் உண்மையிலேயே இல்லையென்றால் அங்கே எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. முடிந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிட்டுப் போங்கள்.

இப்போது நாள் கணக்கு. உங்களிடம் 7 வாரம் இருக்கிறது, அது தாராளம். ஈறைத் திறந்து, கொஞ்சம் எலும்பைச் சீவி, பல்லைத் துண்டாக்கி எடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தாடை இறுக்கம் விட ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். கரையும் தையல் போட்டால் அதுவும் ஏறக்குறைய அந்த நேரத்தில் உதிர்ந்துவிடும். ஈறு மூடிக்கொள்ள மூன்று நான்கு வாரம். குழிக்குள் எலும்பு நிரம்புவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நிறையப் பேர் கணக்கில் வைப்பதில்லை. வலி போய்விட்டது, சாப்பிட முடிகிறது, ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். தாடையில் அந்த இடம் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கும். பல் எடுத்த இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள், கடினமான எதையோ கடித்தபோது தாடை எலும்பு முறிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக மிக அபூர்வம்தான். ஆனால் நீங்கள் போகுமிடத்தில் கைகலப்புப் பயிற்சி இருக்கும், தடைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும், தாடையில் ஓர் அடி விழலாம். ஆகையால் எலும்பைச் சீவி எடுத்த பல்லுக்கும் முதல் அடிதடிப் பயிற்சிக்கும் நடுவில் குறைந்தது 6 வாரம் இருக்கட்டும் என்பது என் கணக்கு. இப்போதே எடுத்தால் அது தானாகவே கிடைத்துவிடும்.

உங்களுக்கு 10 நாள்தான் பாக்கி என்றிருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும். ஆறாத குழியோடு பயிற்சிக்குப் போவதைவிட, பல்லிடுக்கை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டு, எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போய், முதல் பல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள் என்றிருப்பேன். மூன்று நான்கு வாரம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பல்லைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சுலபமாக வரும் பல் என்றால் எடுக்கலாம், எலும்பை வெட்ட வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை பற்றி நீங்களாகவே சொன்னது நல்லது. பல் எடுத்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் அந்தக் காயத்துக்குப் போர்வை. அது கரைந்தோ கழன்றோ போய்விட்டால் எலும்பு வெளியே தெரியும். இதை டிரை சாக்கெட் என்பார்கள். கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம், அதிலும் புகைப்பவர்களுக்கும், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். முதலிரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் போலத் திடீரென்று காது வரைக்கும் தெறிக்கிற மாதிரி வலித்தால், வாயில் கெட்ட வாடை வந்தால், அதுதான். இது கிருமித் தொற்று இல்லை, ஆன்டிபயாடிக் கேட்டு அலைய வேண்டாம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினால் பெரும்பாலும் அன்றைக்கே ஆறுதல் கிடைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த மாத்திரை, எத்தனையாவது நாள் என்று அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்டையில் ஹார்மோன் இல்லாத நாட்கள் வரும் சமயத்தில் பல் எடுப்பது நல்லது என்று சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஒத்துவந்தால் பார்க்கலாம், அதற்காகத் தேதியை ரொம்பத் தள்ள வேண்டாம்.

எடுப்பதற்கு முன் இன்னொன்று கேளுங்கள்: கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு பக்கத்தில் போகிறது? உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு கீழ் ஞானப்பல்லின் வேருக்குக் கீழேதான் ஓடுகிறது. நாக்குக்குப் போகும் நரம்பு உட்பக்கமாக, அருகிலேயே இருக்கிறது. முழுத்தாடை எக்ஸ்ரேயில் வேர் நரம்புக் குழாயைத் தொடுவதுபோல் தெரிந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படியும் ரொம்ப நெருக்கம் என்றால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை விட்டுவிடும் முறையும் இருக்கிறது. உதடு சில வாரம் மரத்துப்போவது நூற்றில் சிலருக்கு நடக்கிறது. நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

மேல் இடது பல்லைப் பார்க்கச் சொன்னது ஏனென்றால், கீழே ஜோடி போனபின் அதற்குக் கடிக்க எதுவும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் கன்னத்தைக் கடிக்கலாம். நேராக முளைத்த மேல் பல்லை எடுப்பது பெரும்பாலும் சில நிமிட வேலை. அதே அமர்வில் எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டாம். அப்படி எடுத்தால் இரண்டு வாரத்துக்கு மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள். மேல் வேர்கள் சைனஸுக்கு, அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கு, பக்கத்தில் இருப்பவை.

பல் எடுத்தபிறகு உங்களுக்கு வரப்போகிற பெரிய சபலம் ஓட்டப்பயிற்சி. பயிற்சிக்குத் தயாராகத் தினமும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். 10 நாள் நிறுத்துங்கள். தண்டால், எடை தூக்குவது எல்லாம் ரத்த அழுத்தத்தை ஏற்றி மறுபடி கசிய வைக்கும். இரண்டாம் நாளிலிருந்து மெதுவாக நடக்கலாம், 10 நாள் கழித்து ஓடலாம். 10 நாள் ஓடாததால் உடல்தகுதி ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது. உறிஞ்சிக் குடிக்கும் எதுவும் முதல் வாரத்தில் கூடாது. ஸ்ட்ராவைத் தவிர்க்கிற பலர், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையின் குழாயும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வலிக்கு இபுப்ரோஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இபுப்ரோஃபன் பற்றி முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் எக்காரணம் கொண்டும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. கோடீன், டிரமடால் மாதிரியான மாத்திரைகள் அநேகமாகத் தேவைப்படாது. அப்படியே கொடுத்தாலும் மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், சிறுநீர்ப் பரிசோதனையில் கேள்வி வரலாம். பயிற்சியில் இருக்கும்போது பல்வலிக்கோ முட்டிவலிக்கோ இபுப்ரோஃபனை அள்ளி விழுங்குவது வேறு ஆபத்து. வெயிலில் வியர்த்து நீர்ச்சத்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

இதற்கிடையில், நாள் குறிப்பதற்குள் மறுபடி வீங்கினால் அந்த நிலையிலேயே எடுக்க மாட்டார்கள். பெரும்பாலும் முதலில் கழுவி, அடங்க விட்டு, பிறகுதான். அதனால்தான் சும்மா இருக்கும் இந்த நேரத்தை விட்டுவிட வேண்டாம் என்கிறேன். விழுங்க முடியவில்லை, மூச்சு சிரமமாக இருக்கிறது, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறது, காய்ச்சலோடு வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயிற்சியின் நடுவில் இருந்தாலும் இதே விதிதான். அப்போது பயிற்றுநரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

வலது பல்லை விடச் சொன்னதற்கு அம்மா கோபப்படலாம். தொல்லை தராத, புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டியதில்லை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2000-ல் வழிகாட்டியது. இதை ஒப்புக்கொள்ளாத அறுவை மருத்துவர்களும் நிறையப் பேர் உண்டு, குறிப்பாக ராணுவத்தில். பல் மருத்துவரே இல்லாத இடத்துக்கு ஒருவரை அனுப்பும்போது அவர்கள் கணக்கு வேறு, அது நியாயமும்கூட. ஆனால் முழுக்க எலும்புக்குள் மூடிக்கிடக்கும் பல்லுக்குள் வாயின் கிருமி போக வழியில்லை, அதில் திடீர் வீக்கம் வருவது குறைவு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் மெல்ல ஒரு பக்கம்கூட மிஞ்சாது. பயிற்சி முடிந்து ஓரிடத்தில் நிலையானபிறகு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்கோ தொலைதூரக் காவல் முகாமுக்கோ போகப் போகிறீர்கள் என்றால் அப்போது மறுபடி யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு காகித வேலை. மருத்துவத் தகுதித் தேர்வு முடிந்தபிறகு செய்துகொள்ளும் எந்த அறுவையையும் தெரிவிக்கச் சொல்லும் ராணுவங்கள் உண்டு. ஆகவே பல் எடுப்பதற்கு முன்பே தேர்வு அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி, என்ன சான்று வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த தேதி, எந்தப் பல், எப்படி எடுத்தார்கள், இப்போது ஆறிவிட்டது, மருந்து எதுவும் இல்லை என்று அறுவை மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, அறுவைக்கு முந்தைய எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் அதை வாங்க வீட்டுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.