புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஆயர் ஈத்தாமில் இருக்கும் தரைவீட்டுக்குத் தேனீப்பெட்டி கொண்டுவருகிறேன். எப்படி ஏற்றி வருவது, ஓடிப்போகாமல் எப்படி நிலைக்க வைப்பது?

ஏற்றி வருவது சுலபம். வந்தவை தங்குவதுதான் பாடு. நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது அடுக்குத் தேனீ. இடம் பிடிக்காவிட்டால் மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் வேறு இனத்தை வைத்துச் சொல்லும் யோசனை எல்லாம் இதற்குச் சரிப்படாது.

இருட்டி, மேயப்போனவை திரும்பிய பிறகு வாசலை அடையுங்கள். துணியைத் திணிக்காமல் கம்பிவலை வையுங்கள், காற்று போகவேண்டும். அடைபட்டுப் பதறினால் உள்ளே சூடு ஏறித் தேனடை இளகிச் சரிந்துவிடும். அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்கள் காடியின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே வைத்தால் பிரேக் அடிக்கும்போது அடைகள் மோதிக்கொள்ளும், நடுவில் ராணி நசுங்கினால் கதை முடிந்தது. புது வெள்ளை அடை இருந்தால் வாழைநாரால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். விடிவதற்குள் பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். காலை ஜேமில் மூடிய பெட்டியோடு நிற்பது வேண்டாத வேலை.

தூரம் உங்களுக்குச் சாதகம். ஓரிரு கிலோமீட்டருக்குள் மாற்றினால் மேயப்போகும் தேனீக்கள் பழைய இடத்துக்கே போய்த் திண்டாடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வாசலைத் திறந்ததும் முன்னால் இலையோடு ஒரு கொப்பைச் சாய்த்து வையுங்கள். வெளியே வருபவை தடுமாறி நின்று, பெட்டியைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக வளைந்து பறந்து இடத்தைப் பழகிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அதன் பிறகு திறந்து திறந்து பார்க்காதீர்கள்! ஆசைதான், ஆனால் புதுப் பெட்டி ஓடிப்போக அது ஒன்றே போதும். பின்காலில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறதா, அதை வெளியிலிருந்தே பாருங்கள். போனால் உள்ளே தேனீக் குஞ்சுப்புழு வளர்கிறது, கூட்டம் தங்கிவிட்டது என்று அர்த்தம். மகரந்தம் நின்றுபோனால் உஷார். முதல் சில நாள் வாசலில் ராணித் தடுப்பு, அதாவது மற்றவை போய்வர ராணி மட்டும் வெளியேற முடியாத தடுப்பு, போடலாம், ஆனால் இன்னும் இணை சேராத இளம் ராணி என்றால் போடவே கூடாது, அது வெளியே பறந்துதான் ஆண்தேனீயோடு சேரும். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, மாலையில் பெட்டிக்கு உள்ளேயே வையுங்கள். வெளியில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் எறும்பு வரும்.

எறும்புதான் பெரிய எதிரி, அதுவும் மரத்தில் கூடு கட்டும் முசுறு. பெட்டிக் கால்களைக் கிண்ணத்தில் நிறுத்துங்கள், ஆனால் தண்ணீருக்குப் பதில் பழைய எண்ணெய் ஊற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உங்களுக்குத்தான்.

கொசு என்றதும் இன்னொன்று. உங்கள் தாமானில் டிங்கிக்குப் புகை அடிப்பார்கள். அந்தப் புகை தேனீயையும் கொல்லும். அறிவிப்பு வந்ததும் வாசலை வலையால் அடைத்து, பெட்டிமேல் ஈரச்சாக்கு போர்த்துங்கள்; புகை கலைந்ததும் எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், அறிவிப்பு உங்கள் கண்ணில் படாவிட்டாலும் அவர் வந்து சொல்லுவார். பெட்டி வாசல் மட்டும் அவர் துணி காயப்போடும் பக்கம் பார்த்து இருக்கக்கூடாது.