டைமர் அடித்தது, கெர்னல் விழுந்தது: இன்டரப்ட் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பயாஸில் பூட் ஆகும் 64-பிட் கெர்னல் ஒன்றைச் சொந்தமாக எழுதிவருகிறேன். எந்த இன்டரப்டுக்கு (பிராசஸரை இடைமறிக்கும் சிக்னல்) எந்த ஹேண்ட்லர் ஓட வேண்டும் என்று சொல்லும் அட்டவணையான ஐடிடி-யை ஏற்றிவிட்டு, இன்டரப்டைத் திறக்கும் 'எஸ்டிஐ' கட்டளையைப் போட்டதுமே டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொரு பிழை) வருகிறது. நிரலை எத்தனை முறை பார்த்தாலும் பிழை தெரியவில்லை.

பதில்: வந்தது டபுள் ஃபால்டாக இருக்காது, டைமராக இருக்கும். சாதனங்களின் இன்டரப்டுகளைப் பிராசஸருக்கு அனுப்பும் சிப்பான 8259 பிஐசி, பயாஸ் விட்டுச்செல்லும் நிலையில், ஐஆர்க்யூ (சாதனங்களின் இன்டரப்ட் லைன்) 0 முதல் 7 வரையுள்ளவற்றை வெக்டர் (ஐடிடி-யில் உள்ள இட எண்) 8 முதல் 15 வரை அனுப்பும். இது 1981-ல் வந்த ஐபிஎம் பிசி காலத்து ஏற்பாடு. ஆனால் 0 முதல் 31 வரையுள்ள வெக்டர்களை இன்டெல், பிராசஸரே எழுப்பும் எக்செப்ஷன்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதில் 8-ஆம் எண் டபுள் ஃபால்டுக்கு உரியது; ஐஆர்க்யூ 0 ஆன டைமரும் அங்கேயே வந்து விழுகிறது. பயாஸ் அமைத்த டைமர் நொடிக்குச் சுமார் 18.2 முறை அடிப்பதால், 'எஸ்டிஐ'க்குப் பிறகு 55 மில்லிசெகண்டுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

ஊகம் வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஹேண்ட்லருக்குள் நுழைந்தவுடன் ஸ்டாக்கின் உச்சியில் என்ன இருக்கிறது? நிஜ டபுள் ஃபால்ட் என்றால் பிராசஸர் அங்கே ஓர் எரர் கோடை வைத்திருக்கும். அது எப்போதும் 0. அந்த இடத்தில் உங்கள் கெர்னலின் முகவரி ஏதாவது இருந்தால் அது ஆர்ஐபி (திரும்பிப் போக வேண்டிய கட்டளையின் முகவரி), அதாவது வந்தது டைமர். இல்லாத எரர் கோடை ஹேண்ட்லர் 'பாப்' செய்துவிட்டு, இன்டரப்டிலிருந்து திரும்பும் 'ஐரெட்' கட்டளையைப் போடுவதால்தான் பல கெர்னல்கள் அங்கேயே டிரிபிள் ஃபால்டாகி ரீபூட் ஆகின்றன.

பிஐசி-யின் வெக்டர்களை 32-லிருந்து தொடங்கும்படி நகர்த்துங்கள். இந்தப் பத்தியில் இனி வரும் எண்களும், அடுத்த பதிலில் வரும் போர்ட் எண்களும் அங்கே எழுதும் மதிப்பும் ஹெக்ஸ். போர்ட் 20, ஏ0 இரண்டுக்கும் 11 எழுதுங்கள். பிறகு 21-க்கு 20, ஏ1-க்கு 28. அடுத்து 21-க்கு 04, ஏ1-க்கு 02. கடைசியில் இரண்டுக்கும் 01. வரிசை மாறினால் சிப் ஒரு மதிப்பை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும். இது முடிந்ததும், எந்த லைன்களை மூடுவது என்று சொல்லும் மாஸ்க்கை எழுத மறக்காதீர்கள், ஏனென்றால் முதல் பைட்டே பழைய மாஸ்க்கை அழித்துவிடும். டைமர், கீபோர்டு மட்டும் போதும் என்றால் 21-க்கு எஃப்சி, ஏ1-க்கு எஃப்எஃப்.

கேள்வி: கீபோர்டில் முதல் கீ வேலை செய்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே வருவதில்லை. டைமர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில்: டைமர் ஓடுகிறது என்று எழுதியது நல்லதாயிற்று, பாதி விடை அதில் இருக்கிறது. நீங்கள் இருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். போர்ட் 60-லிருந்து ஸ்கேன் கோடைப் படித்தால்தான் கீபோர்டு கன்ட்ரோலர் அடுத்ததைத் தரும். போர்ட் 20-க்கு 20 எழுதி இஓஐ ('இன்டரப்ட் முடிந்தது') சொன்னால்தான் பிஐசி அடுத்ததை விடும். எது விடுபட்டது என்று அறிய சீரியல் போர்ட்டை மாஸ்க்கிலும் திறந்து, அதன் ஐஆர்க்யூ 4 வருகிறதா என்று பாருங்கள். வந்தால், போர்ட் 60-ஐப் படிக்காமல் விட்டிருக்கிறீர்கள். வராவிட்டால், இஓஐ விடுபட்டிருக்கிறது: கீபோர்டின் ஐஆர்க்யூ 1 முடியாமல் கிடக்கும்வரை அதற்குக் கீழ் முன்னுரிமை உள்ள எல்லாம் அடைபடும், மேலே இருக்கும் டைமர் மட்டும் தப்பும்.

பின்னால் மவுஸ் சேர்க்கும்போது கவனம். ஐஆர்க்யூ 12 இரண்டாவது சிப்பில் இருப்பதால் போர்ட் ஏ0, 20 இரண்டுக்குமே இஓஐ போக வேண்டும்.

கேள்வி: இன்டரப்டைத் திறந்த பிறகு, எப்போதாவது ஒரு லோக்கல் வேரியபிளின் மதிப்பு தானாக மாறிவிடுகிறது. ஆப்டிமைசேஷனை நிறுத்தினாலும் போகவில்லை.

பதில்: 'எம்நோ-ரெட்-சோன்' ஃபிளாக் இல்லாமல் கம்பைல் செய்திருப்பீர்கள். லினக்ஸில் வழக்கமான 64-பிட் ஏபிஐ-யின்படி (ஃபங்ஷன்கள் ஸ்டாக்கைப் பயன்படுத்தும் விதிகள்), வேறு எதையும் கூப்பிடாத ஃபங்ஷன், ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலே அதற்குக் கீழே உள்ள 128 பைட்டை ('ரெட் சோன்') பயன்படுத்தலாம். கெர்னலுக்குள் இன்டரப்ட் வந்தால் பிராசஸர் அதே இடத்தில்தான் 40 பைட்டைத் தள்ளும். ஃபிளாகைச் சேர்த்து எல்லா ஃபைல்களையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஒரு ஃபைல் விட்டுப்போனாலும் கோளாறு தொடரும்.

கேள்வி: லினக்ஸில் பிசிஐ கார்டு டிரைவர் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்' என்று லாகில் வந்து கார்டு நின்றுவிடுகிறது. ஹேண்ட்லர் எப்போதும் 'ஐஆர்க்யூ_ஹேண்டில்ட்' என்று திருப்பினால் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: விடக் கூடாது. அந்த லைனில் வந்த 100,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் 'என்னுடையதல்ல' என்று எல்லா ஹேண்ட்லரும் சொன்னால் கெர்னல் லைனையே மூடிவிடும். அது ஒரு பாதுகாப்பு. பொய்யாக 'ஹேண்டில்ட்' சொன்னால், அதே லைனில் வேறு கார்டு கத்திக்கொண்டே இருந்தாலும் கெர்னலுக்குத் தெரியாது. ஒரு சிபியு முழுக்க அதிலேயே போகும்.

முதலில் பார்க்க வேண்டியது, கார்டின் ஸ்டேட்டஸை அழிக்கும் ரைட். பிசிஐ-யில் ரைட் உடனே போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை, வழியில் தேங்கலாம். ஹேண்ட்லர் திரும்பும்போது லைன் இன்னும் மேலேயே இருக்கும், இன்டரப்ட் மறுபடி வரும், அதற்குள் ரைட் போய்ச் சேர்ந்து ஸ்டேட்டஸ் காலியாகிவிடும், நீங்கள் 'என்னுடையதல்ல' என்பீர்கள். அழித்த கையோடு அதே கார்டின் ரெஜிஸ்டர் ஒன்றைப் படியுங்கள். அந்த ரீட், முன்னால் போன ரைட்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும். அடுத்து, 'ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ' ஓடும் முன்பே கார்டில் இன்டரப்டை இயக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். லாக் சொல்லும் 'ஐஆர்க்யூபோல்' பூட் ஆப்ஷன் தற்காலிக ஒட்டுதான். கார்டு எம்எஸ்ஐ-க்கு (லைன் இல்லாமல் மெமரி ரைட்டாக வரும் இன்டரப்ட்) இடம் தந்தால் அதற்கே மாறுங்கள், பகிர்ந்த லைன் என்ற தொல்லையே இல்லை.

கேள்வி: ஐ2சி (இரண்டு கம்பி பஸ்) சென்சாரை ஹேண்ட்லருக்குள் படித்தால் 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று வருகிறது.

பதில்: 100 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கவே சுமார் 0.4 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் டிரைவர் தூங்கும். ஹேண்ட்லரில் தூங்க முடியாது. 'ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ' போட்டு, படிக்கும் வேலையை த்ரெடுக்குத் தள்ளுங்கள். முதல் ஹேண்ட்லரை 'நல்' என்று விட்டால் 'ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட்' கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பொதுவாகக் கெர்னல் பதிவையே மறுத்துவிடும். காரணம், த்ரெட் சென்சாரைப் படித்து முடிக்கும்வரை லைன் இறங்காது. அதுவரை லைனை மூடி வைக்காவிட்டால் இன்டரப்ட் விடாமல் பொழிந்து, த்ரெடுக்கு சிபியு கிடைக்கவே கிடைக்காது.