வாசகர் கேள்விகள்: 1776ஐ நடித்துக் காட்டும்போது

கேள்வி: வர்ஜீனியாவில் ஒரு காலனிக் காலப் பண்ணைவீட்டில், ஜூலை 4 அன்று 1776ஆம் ஆண்டு உடையில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப் போகிறோம். நினைவுப்பொருள் கடையில் கையெழுத்துகளோடு பழுப்புத் தாள் கிடைக்கிறது. அதை வைத்து வாசிக்கலாமா?

பதில்: அதை மட்டும் வேண்டாம். அதிலுள்ள 56 கையெழுத்துகளில் பெரும்பாலானவை ஆகஸ்ட் 2 அன்றுதான் விழுந்தன. ஜூலையில் ஊர்களுக்குப் போனவை, ஃபிலடெல்ஃபியா அச்சகர் ஜான் டன்லப் 4ஆம் தேதி இரவு அடித்த ஒற்றைத் தாளும் அதன் மறுபதிப்புகளும். அடியில் இரண்டே பெயர்கள், அதுவும் அச்சில்: காலனிகளின் பேராயத் தலைவர் ஜான் ஹான்காக், செயலாளர் சார்லஸ் தாம்சன். தலைப்பில் ‘ஒருமனதான’ என்ற சொல்லே கிடையாது. ஏனென்றால் நியூயார்க் அன்று இன்னும் சம்மதம் சொல்லவில்லை. இந்தத் தாளின் நகலை வெள்ளைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜூலை 4 அன்று வர்ஜீனியாவில் யாருக்கும் சேதி தெரியாது. ஃபிலடெல்ஃபியாவிலேயே 8ஆம் தேதிதான் பொதுவில் வாசித்தார்கள். வர்ஜீனியாவின் அன்றைய தலைநகர் வில்லியம்ஸ்பர்கில் 25ஆம் தேதி. தொடங்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள். மொத்தம் 1,300 சொற்களுக்கு மேல். மைக் இல்லாமல் வெட்டவெளியில் நிறுத்திப் படித்தால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. மன்னர்மேல் குற்றச்சாட்டுகள் அடுக்கப்படும் இடத்தில் கூட்டம் கலையப் பார்க்கும். வெட்டாதீர்கள். உங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டத்துக்குள் நிறுத்தி, வரி, படை என்று வரும் இடங்களில் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நட்சத்திரக் கொடி ஏற்றலாமா?

பதில்: அந்தக் கொடிக்கான தீர்மானமே 1777 ஜூன் 14இல்தான் வந்தது. 1776க்குப் பொருந்துவது, 13 கோடுகளும் மூலையில் பிரிட்டிஷ் சின்னமும் உள்ள கொடி. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். விளக்க ஒருவரை நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் பிரௌன் பெஸ் (அன்றைய பிரிட்டிஷ் படையின் சக்கிமுக்கித் துப்பாக்கி) பத்தில் நான்கு வெடிப்பதில்லை. என்ன கோளாறு?

பதில்: பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல்தான். அதைத் தோல் துண்டில் சுற்றி இறுக்க வேண்டும். விளிம்பு எஃகுத் தகட்டின்மேல் முழு அகலத்துக்கும் நேராகப் படவேண்டும். தகட்டில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் பொறி பறக்காது, உலர்ந்த துணியால் துடையுங்கள். அடுத்தது ஜூலைப் புழுக்கம். நாலைந்து முறை சுட்டதும் கருமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுத்துச் சேறாகி, குழலின் பக்கத்துளையை அடைத்துவிடும். கிண்ணியில், அதாவது துளைக்கு வெளியே பற்றவைக்கும் மருந்து போடும் சிறு குழியில், மருந்து ‘புஸ்’ என்று எரிந்து குழல் சும்மா இருந்தால் இதுதான் காரணம். உடனே எட்டிப் பார்க்காதீர்கள். முனையைக் கூட்டத்துக்கு அப்பால் திருப்பியபடி ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டு, கிண்ணியில் புதுமருந்து போடுங்கள். கிண்ணி பாதி நிறைந்தால் போதும்.

வெற்று வெடிக்கு 100 முதல் 125 கிரெயின், அதாவது ஆறரை முதல் எட்டு கிராம். இடத்துக்காரர் விதி அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு. குண்டு கிடையாது, காகிதத்தையும் திணிக்கக்கூடாது. கெட்டிக்கும் கம்பி அதன் இடத்தைவிட்டு வரவே கூடாது. குழலுக்குள் மறந்துவிட்டால் அம்பாகப் பாயும். கிண்ணியின் தீ வலப்பக்கம் நிற்பவர் முகத்தில் அடிக்கும், பித்தளைத் தடுப்பு பொருத்துங்கள்.

கேள்வி: ‘எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று வாசிக்கும்போது அடிமைகளையும் காட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். அன்றைய வில்லியம்ஸ்பர்கில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பெரும்பாலோர் அடிமைகள். ஆனால் பார்வையாளரை அடிமையாக நடிக்க அழைக்காதீர்கள். யாரையும் ஏலம் விட்டுக் காட்டவும் வேண்டாம். சமையற்கட்டில் ஒருவர் இன்றைய மொழியிலேயே பேசட்டும். வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்திருந்தார். முன்வாசலில் பிரகடனம் ஒலிக்கும்போது, அடுப்படியில் அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள்.