வீடு நிறைய ஆட்கள், ஆனால் அம்மா பேசுவதில்லை

ஒரு மகள் எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 72 வயது. அப்பா இறந்தபின் இரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் எப்போதும் நான்கைந்து பேர் இருப்போம். இருந்தும் பேச்சு குறைந்துவிட்டது. எல்லோரும் கூடி உட்கார்ந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுகிறார். சொன்னதை மறக்கிறார். நாலு பேரோடு பழகினால் மறதி நோய் வராது என்கிறார்களே, அம்மா நாலு பேர் நடுவில்தானே இருக்கிறார்? முதியோர் மன்றம் எதிலாவது சேர்க்கலாமா? வரமாட்டேன் என்கிறார், வற்புறுத்தலாமா? மூளைக்கான விளையாட்டுச் செயலி ஒன்றை போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அது போதுமா?"

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மறதி அல்ல. "எல்லோரும் கூடி உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்" என்ற வரிதான். அதைப் படித்ததும் காதைத்தான் நினைத்தேன். வயதாகும்போது செவித்திறன் ஒரேயடியாகப் போவதில்லை. கீச்சொலிகள் முதலில் மங்கும். பேசுவது காதில் விழும், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் பிடிபடாது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேச, பின்னால் டிவியும் ஓடினால் முடியாது. இரண்டு முறை "என்ன?" என்று கேட்பார்கள். மூன்றாவது முறை கேட்கச் சங்கடப்பட்டு, புரிந்ததுபோல் சிரித்து வைப்பார்கள். அப்புறம் எழுந்து போய்விடுவார்கள். பாதி மட்டுமே காதில் விழுந்த செய்தி நினைவில் எப்படி நிற்கும்? அதற்கும் சேர்த்து மறதி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அதனால் முதல் வேலை காது பரிசோதனை. சில நேரம் குறும்பி அடைத்திருப்பதுதான் மொத்தப் பிரச்சினையே. காது மெஷின் தேவை என்றால் தள்ளிப்போடாதீர்கள். மாட்டிய அன்றே எல்லாம் சரியாகிவிடாது; மூளை அந்த ஒலிக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களில்தான் பல மெஷின்கள் மேசை இழுப்பறைக்குப் போய்ச் சேர்கின்றன. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் மூன்றாண்டு நடந்த அச்சீவ் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மெஷினால் நினைவாற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே டிமென்ஷியா, அதாவது நீங்கள் சொல்லும் மறதி நோய், வரும் ஆபத்து கூடுதலாக இருந்த பிரிவினரில் மூளைத்திறன் சரியும் வேகம் 48% குறைந்தது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் 2024 அறிக்கை டிமென்ஷியாவுக்கான 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. வாழ்நாள் முழுக்க அவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால், உலகில் 45% நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அதன் கணக்கு. அதில் செவித்திறன் குறைவின் பங்கு 7%, மனிதத் தொடர்பு அற்றுப்போவதன் பங்கு 5%. இவை மக்கள்தொகைக்கான கணக்குகள். உங்கள் அம்மாவுக்கு இத்தனை சதவீதம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, "நாலு பேர் நடுவில்தானே இருக்கிறார்" என்ற கேள்விக்கு வருவோம். லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை 1985 முதல் பின்தொடரும் வைட்ஹால் ஆய்வில் ஒரு சுவாரசியமான விஷயம் தெரிந்தது. 60 வயதில் நண்பர்களை ஏறக்குறைய தினமும் பார்த்தவர்களுக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தவர்களைவிடப் பின்னாளில் டிமென்ஷியா வரும் ஆபத்து 12% குறைவாக இருந்தது. உறவினர்களைப் பார்ப்பதில் அப்படியொரு பலன் தெரியவில்லை. ஏன்? என் ஊகம் இது: நண்பரிடம் பேச நாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அவர் போன வாரம் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும், நம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அவர் கேலி செய்தால் பதிலடி யோசிக்க வேண்டும். வீட்டில் அந்த உழைப்பு தேவைப்படுவதில்லை. ஒருநாள் முழுக்க அம்மாவிடம் வீட்டார் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். "சாப்பிட்டீங்களா?", "மாத்திரை போட்டாச்சா?", "தூங்கலையா?" எல்லாமே ஆம், இல்லை என்று தலையாட்டினால் முடிந்துவிடும் கேள்விகள். பராமரிப்பு நடக்கிறது, உரையாடல் நடக்கவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உங்களோடு வந்தபோது அம்மா கணவரை மட்டும் இழந்திருக்கவில்லை. பல வருடம் பேசிப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர், தன் கணக்கில் நடந்த குடும்பம், ஒரு நாளில் பத்து முடிவு எடுக்கும் உரிமை எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. இங்கே நீங்கள் பாசத்தில் "நீ சும்மா உட்காரும்மா" என்கிறீர்கள். அந்த வாக்கியம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

பேச்சு மூளைக்கு எப்படி உதவுகிறது என்பதற்குச் சிகாகோவில் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்த 2006 ஆய்வு ஒரு துப்பு தருகிறது. மூளையில் அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) பாதிப்பு ஒரே அளவில் இருந்தும், நெருங்கிய மனிதர்கள் அதிகம் இருந்தவர்கள் உயிரோடு இருந்தபோது நினைவுச் சோதனைகளில் மேலாகச் செய்திருந்தார்கள். நட்பு நோயைத் துடைத்துவிடவில்லை. நோயைத் தாங்கும் கையிருப்பைக் கூட்டியிருக்கலாம். ஆனால் இது எதிர்த்திசையிலும் நடக்கும்: டிமென்ஷியாவின் தொடக்கமே மனிதரை ஒதுங்கவைக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். ஆகவே பேச்சுத்துணை தேடுவதோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள். பி12 குறைவு, தைராய்டு, சில தூக்க மாத்திரைகள், ஒவ்வாமை மாத்திரைகள்கூட மறதியைக் கொண்டுவரும். அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, ஐந்து நிமிடத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது, பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அது வேறு விஷயம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செயலி? விளையாடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அதில் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரர் ஆவார். அதைவிட நம்பிக்கை தருவது ஐ-கனெக்ட் என்ற ஆய்வு. தனித்துப்போன 75 வயதுக்கு மேற்பட்டவர்களோடு, பயிற்சி பெற்றவர்கள் வீடியோவில் அரைமணி நேரம், வாரம் நான்கு முறை வெறுமனே உரையாடினார்கள். ஆறு மாதத்தில் மூளைத்திறன் சோதனையில் சுமாரான, ஆனால் அளந்து பார்க்கக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது.

நீங்களும் அதையே செய்யலாம். டிவியை அணைத்துவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்காருங்கள். கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். அம்மாவுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். நிஜமாகவே தெரியாததாக இருக்கட்டும், பரீட்சை வைப்பது அவருக்குப் புரிந்துவிடும். பழைய தோழிகளின் எண்களைத் தேடிப் போனில் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுங்கள். காலை வணக்கப் படங்கள் கணக்கில் சேராது, பேச்சுதான் சேரும். அப்புறம், அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலை ஒன்றை வீட்டில் அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் செய்து முடித்ததும் நீங்கள் போய்த் திருத்தாதீர்கள்.

மன்றத்துக்கு இப்போது வற்புறுத்த வேண்டாம். காது மங்கியவருக்கு இருபது பேர் கூடும் கூடம்தான் மிகக் கடினமான இடம். காதைச் சரிசெய்த பிறகு, அங்கே வரும் யாராவது ஒருவரை முதலில் வீட்டுக்கு அழைத்து அம்மாவோடு பழகவிடுங்கள். பிறகு அந்த ஒரு ஆளுக்காக அம்மா போகலாம். முதல் இரண்டு மூன்று முறை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நான்காவது முறை வாசலோடு திரும்பிவிடுங்கள்.